விடலைப் பிள்ளைகளுக்கு அரக்கர் அனிமே: காட்டும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி

கோத்தகிரிக்கு அருகே ஒரு பள்ளி விடுதியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் ஒரே கூடத்தில், ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேருக்கு மேல் அனிமேதான், அதாவது ஜப்பானில் வரைந்து எடுக்கும் கார்ட்டூன் தொடர்களைத்தான், கேட்பார்கள். அதிலும் பேய், பூதம், அரக்கன், ராட்சத மிருகம் என்று ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும். பெற்றோரில் பலர் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர்கள். சிலர் திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அழைத்து, "என்னங்க சார், பேய்ப் படமெல்லாம் காட்டுறீங்களாமே" என்று அவர்கள் கேட்கும்போது சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைத் தேடிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அனிமே என்றால் என்னவென்றே தெரியாத பெற்றோருக்கும், தம்பி தங்கைக்குத் தொடர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் அண்ணன் அக்காக்களுக்கும், என்னைப் போன்ற விடுதிக் காப்பாளர்களுக்கும் இது பயன்படலாம்.

இந்தப் பொறுப்புக்கு வந்த புதிதில் நான் ஒரு பிழை செய்தேன். பெரிய பையன்கள் 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரைக் கேட்டார்கள். மதிலுக்கு மேல் தலையை நீட்டிப் பார்க்கும் தோலில்லாத ராட்சதன்தான் அதன் விளம்பரப் படம். எங்கள் பிள்ளைகள் காட்டெருமை சாலையைக் கடக்கும் வரை பேருந்து காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். விளக்கெண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைத்த கரடியின் நகத்தடத்தைக் காலையில் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருபவர்கள். இவர்களா வரைந்த ராட்சதனுக்குப் பயப்படப் போகிறார்கள் என்று எண்ணி, முன்கூட்டிப் பார்க்காமலேயே போட்டுவிட்டேன். முதல் அத்தியாயத்தின் இறுதியில், இடிந்த வீட்டின் உத்தரத்துக்கு அடியில் கால் சிக்கிய தாய், பிள்ளைகளை ஓடிப்போகச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அவர்கள் கண்ணெதிரே ராட்சதன் அவளைத் தூக்கித் தின்கிறான். அந்த இடத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனான். கால் மணி நேரம் கழித்துத் தேடிப் போனபோது, கூடத்துக்குப் பின்னால் மூடுபனியில் நனைந்த படிக்கட்டில், ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அந்த ராட்சசனுக்கெல்லாம் நான் பயப்படலை சார். வீடு மேல கெடக்கறதைத்தான் பார்க்க முடியலை" என்றான். முந்தைய ஐப்பசி மழையில் மண் சரிந்து அவர்கள் வீட்டுப் பின்சுவர் விழுந்ததும், உள்ளே சிக்கிய பாட்டியை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

அரக்கனின் முகம் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்பது பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன். அந்த அரக்கன் மனிதர்களை என்ன செய்கிறான், அதை எவ்வளவு நேரம் நமக்குக் காட்டுகிறார்கள், பிறகு யார் அழுகிறார்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது என்ற கேள்விகளே ஒரு தொடர் பொருந்துமா, பொருந்தாதா என்பதை முடிவு செய்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதற்காகவே.

முதல் படி: பெயரைச் சரியாகப் பிடிப்பது

இது அற்பமாகத் தோன்றும். ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே தொடருக்கு ஜப்பானியப் பெயர் ஒன்று, ஆங்கிலப் பெயர் ஒன்று, பிள்ளைகள் வைத்துக்கொண்ட சுருக்கப் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். 'கிமேட்சு நோ யாய்பா', 'டீமன் ஸ்லேயர்' இரண்டும் ஒன்றே. 'மான்ஸ்டர்' என்ற பெயரிலேயே 2004-இல் தொடங்கி 74 அத்தியாயங்கள் ஓடிய தொடர் ஒன்று உண்டு; அதில் மிருகமோ பூதமோ கிடையாது. ஜெர்மனியில் பணிபுரியும் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஒருவர், தாம் உயிர்காத்த சிறுவன் கொலைகாரனாக வளர்ந்ததை அறிந்து அவனைத் தேடிப் போகும் கதை அது. பெயரைப் பார்த்து ராட்சதச் சண்டையை எதிர்பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏமாற்றமாகவும் இருக்கும், வயதுக்கு மிஞ்சியதாகவும் இருக்கும். எனவே பிள்ளை கேட்கும் பெயரையும், எத்தனையாவது சீசன் என்பதையும், வெளிவந்த ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுங்கள்.

அடுத்து, சான்றிதழைப் படிப்பது

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத்தில் படம் காட்டும் ஓடிடி தளங்கள் தங்கள் தொடர்களை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாக வகைப்படுத்த வேண்டும். வன்முறை, அச்சமூட்டும் காட்சி, கெட்ட வார்த்தை, பாலியல் காட்சி எனக் காரணத்தையும் சில சொற்களில் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். யு/ஏ 13+ மற்றும் அதற்கு மேற்பட்டவற்றைப் பெற்றோர் பூட்டி வைக்கும் வசதியும் இருக்க வேண்டும். திரையரங்கப் படங்களுக்கும் 2024 முதல் தணிக்கை வாரியம் பழைய யு/ஏ ஒன்றையே 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் உள்ள காரணச் சொற்களையும் படியுங்கள். வன்முறைக்காக 16+ பெற்ற தொடரும் பாலியல் காட்சிக்காக 16+ பெற்ற தொடரும் ஒரே வகையானவை அல்ல. முன்னதைப் பதினைந்து வயதுப் பையனோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யக்கூடும், பின்னதை அப்படி முடிவு செய்யாமலும் போகலாம்.

இந்தச் சான்றிதழுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஓடிடியில் இதைத் தருவது தணிக்கை வாரியம் அன்று, அந்தந்தத் தளமே. மேலும் ஐம்பது அத்தியாயங்கள் கொண்ட தொடருக்கு ஒரே எண் போட்டிருந்தால், மிகக் கடுமையான காட்சி எந்த அத்தியாயத்தில் ஒளிந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. நாட்டுக்கு நாடு அளவுகோலும் மாறும். டீமன் ஸ்லேயர் வரிசையில் 2020-இல் வந்த 'முகென் டிரெய்ன்' திரைப்படத்துக்கு ஜப்பானில் பிஜி12 வழங்கினார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் தேவை என்பது அதன் பொருள். அதே படத்துக்கு அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் கிடைத்தது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது. காட்சிகள் ஒன்றுதான், கணிப்புதான் வேறு. ஆகவே சான்றிதழை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு இரண்டு இடங்கள் உதவும். மைஅனிமேலிஸ்ட் தளத்தில் ஒவ்வொரு தொடருக்கும் வயது வகை போட்டிருப்பார்கள். போகிமான் அங்கே சிறுவர் வகையில் இருக்க, டீமன் ஸ்லேயரும் அட்டாக் ஆன் டைட்டனும் 17+ வகையில் இருக்கின்றன. ஐஎம்டிபி தளத்தின் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியில் பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள், அச்சமூட்டும் காட்சி என்ற ஐந்து தலைப்புகளில் பார்வையாளர்களே எழுதி வைத்திருப்பார்கள். அங்கே கதையின் முடிச்சுகள் வெளிப்பட்டுவிடும் என்பதால், பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் ஒளிபரப்பானது

புதியவர்கள் கவனிக்காத நல்ல குறிப்பு இது. ஜப்பானில் பிள்ளைகளுக்கான அனிமே காலையிலும் மாலையிலும் வரும். மற்றவை இரவு பதினொரு மணிக்கு மேல் வரும். போகிமான் மாலை ஆறரைக்குத் தொடங்கிய தொடர். பழம்பெரும் பூதக்கதையான 'கெகெகே நோ கிதாரோ'வின் 2018-ஆம் ஆண்டுத் தொடர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒளிபரப்பானது. டீமன் ஸ்லேயர், செயின்சா மேன், கைஜு நம்பர் 8 ஆகியவை பின்னிரவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் பின்னிரவு என்பதாலேயே ஒரு தொடரை ஒதுக்கிவிடக் கூடாது. 'நட்சுமே யூஜின்சோ' போன்ற சாந்தமான தொடரும் பின்னிரவில்தான் ஒளிபரப்பானது.

'ஷோனென்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. சிறுவன் என்பது அதன் பொருள். விடலைப் பையன்களைக் குறிவைக்கும் பத்திரிகையில் வெளிவந்த கதை என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. செயின்சா மேன் முதல் பாகம் வந்ததும் அத்தகைய 'வீக்லி ஷோனென் ஜம்ப்' பத்திரிகையில்தான்.

அரக்கன் எந்த இனம்

அரக்கர் தொடர் என்று ஒரே பெட்டியில் போடுவதால்தான் நாம் தடுமாறுகிறோம். நம் ஊரில் முனியும் மோகினியும் கொள்ளிவாய்ப் பிசாசும் வேறுவேறு என்பது போல, அங்கேயும் இனம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கைஜு என்பது நகரத்தை மிதிக்கும் ராட்சத விலங்கு. 1954-இல் வந்த காட்ஜில்லாவின் வழித்தோன்றல்கள் இவை. இங்கே அழிவு பெரிதாக இருக்கும், ஆனால் தொலைவில் நடக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இது வேடிக்கைதான். யோகாய் என்பவை நாட்டார் கதைப் பூதங்கள். குறும்பு செய்யும், ஏமாற்றும், சில நேரம் உதவியும் செய்யும். நம் பாட்டி கதைகளில் வரும் பேய்களுக்கு மிக நெருக்கமானவை இவையே. மனிதரைத் தின்னும் அரக்கர்கள் மூன்றாவது இனம்; டீமன் ஸ்லேயரில் வருபவர்கள் இவர்கள். இங்கே தின்பதைக் காட்டுகிறார்களா, தின்ற பின் நேர்ந்ததைக் காட்டுகிறார்களா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது இனத்திடம்தான் மிகுந்த கவனம் தேவை. மனித உடம்புக்குள் புகுந்து, உடம்பையே வேறொன்றாக மாற்றும் அரக்கன் அது. 2014-இல் வந்த 'பாராசைட்' தொடரில் நாயகனின் வலது கையே ஓர் ஒட்டுண்ணி உயிராக மாறிவிடுகிறது. தலையில் புகுந்த ஒட்டுண்ணிகள் முகத்தைப் பூவிதழ் போல விரித்து மனிதரைத் தின்கின்றன. 'டோக்கியோ கூல்' தொடரில் கல்லூரி மாணவன் ஒருவன் மனித மாமிசம் இல்லாமல் வாழ முடியாதவனாகிறான். ரத்தம் பாயும் சண்டையைச் சிரித்துக்கொண்டே பார்க்கும் பிள்ளைகள் இத்தகைய காட்சிகளில் அமைதியாகிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். குரல் உடைந்து, முகத்தில் பரு வந்து, தன் உடம்பே தனக்குப் பழக்கமில்லாததாகத் தோன்றும் வயது அது என்பதால் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இந்த இனத்தை நான் காட்டுவதில்லை.

மூன்று அத்தியாயங்களைத் தனியே பார்ப்பது

இதற்கு மாற்று வழியே இல்லை. முதல் அத்தியாயம், நடுவில் ஒன்று, முதல் சீசனின் கடைசி மூன்றில் ஒன்று என்று மூன்றைப் பாருங்கள். ஒன்று இருபத்துநான்கு நிமிடம் போல வரும். பாட்டுகளைத் தள்ளிவிட்டால் மூன்றையும் சேர்த்து ஒரு மணி நேரம்தான். முதல் மூன்றைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது என்பதற்கு 2017-இல் வந்த 'மேட் இன் அபிஸ்' சாட்சி. உருண்டை முகமும் பெரிய கண்களும் கொண்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி, அடியறியாத பெரும் குழிக்குள் இறங்கும் கதை அது. ஓவியத்தைப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகம் போலவே இருக்கும். பத்தாம் அத்தியாயத்தில் விஷமேறிய அவள் கையை உடைக்க முயலும் காட்சியைப் பெரியவனான என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. மொத்தம் பதின்மூன்று அத்தியாயங்களில் முதல் மூன்றைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தருபவர், பத்தாவது வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து அதிர்ச்சி அடைவார். மறுபுறம், 2024-இல் வந்த 'டான்டடான்' போன்ற தொடரில் பிரச்சினை முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது: வேற்றுக்கிரகவாசிகள் நாயகியின் உடைகளைக் களைந்து கட்டிப்போடும் காட்சி அது. அதற்குப் பின் நகைச்சுவையும் நட்பும் நன்றாக இருந்தாலும், அந்தக் காட்சியைச் சிறியவர்கள் முன் போட எனக்கு மனம் வரவில்லை.

பார்க்கும்போது ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். காயம் திரையில் தெரிந்த கணத்திலிருந்து கேமரா நகரும் வரை மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இரண்டு எண்ணுவதற்குள் நகர்ந்துவிட்டால், கதைக்குத் தேவையான அளவு காட்டினார்கள் என்று கொள்வேன். ஐந்தைத் தாண்டியும் நின்றால், அந்தக் கோரத்தையே விருந்தாகப் பரிமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். இது விஞ்ஞானம் அன்று. ஆனால் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற வெறும் உணர்வைவிட மேலானது, மற்றொருவரிடம் விளக்கவும் முடியும்.

டீமன் ஸ்லேயரின் முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி பெய்யும் மலையில் கரி சுட்டு விற்கும் பையன் தஞ்சிரோ. கரியை விற்க ஊருக்கு இறங்கி, இருட்டிவிட்டதால் மலையடிவாரத்து முதியவர் வீட்டில் தங்கி, காலையில் ஏறி வருகிறான். வாசலிலேயே ரத்த வாடை. அரக்கன் தாக்கியதை நமக்குக் காட்டவே இல்லை. விழுந்து கிடக்கும் தாயையும் தம்பி தங்கைகளையும்தான் பார்க்கிறோம். அதன் பின், அரக்கியாக மாறிக்கொண்டிருக்கும் தங்கையை முதுகில் சுமந்துகொண்டு அவன் பனியில் ஓடுகிறான். அட்டாக் ஆன் டைட்டனில் செயலையே காட்டினார்கள்; இங்கே விளைவைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் தாய் இறக்கிறாள், இரண்டும் கொடுமைதான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேல் அவை விழும் விதம் வேறு. வாயிலிருந்து புகையாக வரும் மூச்சையும் முதுகில் கரிக்கூடையையும் பார்த்து, "நம்ம ஊரு மாதிரியே இருக்குதுங்க சார்" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள். அந்த நெருக்கம் பார்க்கும் ஆர்வத்தைக் கூட்டும். துயரத்தையும் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தாளில் இன்னும் சில கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். அடிபடுவது யார்: சண்டைக்கு வந்த வீரனா, வழியில் போன குழந்தையா? இறந்தவர்களுக்காகக் கதையில் யாராவது அழுகிறார்களா, அடுத்த காட்சியிலேயே மறந்துவிடுகிறார்களா? அரக்கனைக் கொன்ற பின் நாயகன் முகத்தில் இருப்பது நிம்மதியா, வெறியா? டீமன் ஸ்லேயரில் தலை வெட்டும் காட்சிகள் ஏராளம். அதைக் குறைத்துச் சொல்லிப் பயனில்லை. ஆனால் வெட்டுண்ட அரக்கன் சாம்பலாகும் நேரத்தில் அவனும் ஒரு காலத்தில் மனிதனாக இருந்த கதையைச் சொல்கிறார்கள். தொடக்க அத்தியாயங்களிலேயே தஞ்சிரோ தன் எதிரியின் கையைப் பற்றிக்கொண்டு அவனுக்காக வேண்டுகிறான். என் தராசில் இதற்குக் கனம் அதிகம்.

ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றொன்று கண்ணில் படாமல் போய்விடும். 2022-இல் வந்த செயின்சா மேனில் தலையிலும் கைகளிலும் ரம்பம் முளைக்கும் பையனைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். என் கவலை ரம்பத்தைப் பற்றியது அன்று. கடனில் மூழ்கி, அன்புக்கு ஏங்கும் பதினாறு வயது நாயகனை வயதில் மூத்த பெண்கள் ஆசை காட்டி இயக்குவதைக் கதை பாதி வேடிக்கையாகவும் பாதி ஆபத்தாகவும் காட்டுகிறது. அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாத பிள்ளை வேடிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளும். தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், பெண்களின் உடலைச் சம்பந்தமில்லாமல் அண்மையில் காட்டுதல் ஆகியவற்றையும் இதே கண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. எங்கள் பக்கம் சிக்னல் மாடிப்படியின் மூன்றாவது படியில் மட்டும் கிடைக்கும். காற்று மழைக் காலத்தில் கம்பியில் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனவே பஜாருக்குப் போகும் நாளில், வைஃபை உள்ள இடத்தில், செயலிக்குள்ளேயே மூன்று அத்தியாயங்களையும் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறேன். சிக்னல் இல்லை என்பதற்காகப் பென் டிரைவில் கைமாறி வரும் பிரதிகளை நம்ப வேண்டாம். திருட்டுப் பிரதி என்பது ஒருபுறமிருக்க, தொலைக்காட்சியில் மறைத்துக் காட்டியவற்றை ப்ளூ-ரே வட்டில் திறந்துகாட்டும் வழக்கம் ஜப்பானில் உண்டு. டோக்கியோ கூல் ஒளிபரப்பானபோது இருட்டடித்த காட்சிகள் வட்டில் தெளிவாக வந்தன. கைமாறி வரும் கோப்பு எந்தப் பிரதி என்று யாருக்கும் தெரியாது.

கூடத்தில் இருப்பவர்களை நினைத்துப் பார்ப்பது

தொடரைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு பிள்ளைகளைப் பற்றி யோசியுங்கள். வயது ஓர் அளவுகோல்தான். பதினைந்து வயதில் விளக்கணைத்தால் தூங்காத பையனும் இருக்கிறான், பன்னிரண்டு வயதில் எல்லாவற்றையும் ஆராய்ந்து பேசும் பெண்ணும் இருக்கிறாள். அண்மையில் வீட்டில் இறப்பு நேர்ந்ததா, விபத்து எதையாவது பார்த்ததா, நீரிலோ மண்சரிவிலோ சிக்கியதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பலர் சேர்ந்து பார்க்கும் இடத்தில் பெரியவனின் ஆர்வத்தை அளவாகக் கொள்ளாமல், அங்கே இருப்பவர்களில் மிகச் சிறிய பிள்ளையையே அளவாகக் கொள்ள வேண்டும். இதனால் பிளஸ் டூ மாணவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை தனியாக ஒதுக்கிவிட்டேன். வீட்டில் என்றால் பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் அமைத்து, அதில் வயது வரம்பை வைத்து, பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டுங்கள். அடுத்த அத்தியாயம் தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். தமிழ் டப்பிங்கில் இருந்தால் சிறியவர்களுக்குக் கதை விளங்கும்; ஜப்பானிய ஒலியோடு ஆங்கிலச் சப்டைட்டில் என்றால், வாசிக்கும் வேகம் குறைந்த பிள்ளை காரணத்தைத் தவறவிட்டு ரத்தத்தை மட்டும் பார்க்கும். முடிந்தவரை பிள்ளைகள் பார்க்கப்போகும் மொழியிலேயே நீங்களும் சோதித்துப் பாருங்கள்.

விளக்கைப் போட்டுவிட்டுப் பார்ப்பது

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமானின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானபோது, சிவப்பும் நீலமும் மாறிமாறி வேகமாக மின்னிய சில விநாடிக் காட்சியால் சுமார் 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிலருக்கு வலிப்பே வந்தது. தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னரே மின்னும் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அறையை வெளிச்சமாக வைத்துத் திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள் என்ற அறிவிப்பை இன்றும் சில தொடர்களின் தொடக்கத்தில் காணலாம். குளிருக்குக் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு, இருட்டில், மூக்குக்கு அருகே செல்போனை வைத்துப் பார்ப்பது எங்கள் மலைப் பிள்ளைகளின் வழக்கம். இந்த அறிவிப்புக்கு நேர்மாறான பழக்கம் அது. வலிப்பு வரலாறு உள்ள பிள்ளை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சண்டைத் தொடர்களைக் காட்ட வேண்டாம். மின்சாரம் போனால் எங்கள் கூடத்தில் படமும் நிறுத்தம். மடிக்கணினியில் பேட்டரி மிச்சம் இருந்தாலும் அதே விதிதான்.

காட்டும்போது

தொடங்கும் முன், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று சொல்லிவிடுவேன். போனவரை யாரும் கேலி செய்யக் கூடாது. கடுமையான காட்சி வரும் நிமிடத்தைத் தாளில் குறித்து வைத்திருப்பதால் அதையும் முன்பே அறிவித்துவிடுவேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது, பெரியவர்களுக்கான சனிக்கிழமையில் அதே தொடரை அவனே கேட்டான். முதல் அத்தியாயத்தின் கடைசி நிமிடங்களில் டீ எடுத்துவரப் போனான். இரண்டாவதுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

ஓர் இரவுக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் வேண்டாம். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். முடிந்ததும் விரிவுரை ஆற்றாதீர்கள். "அந்த அரக்கன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். அடுத்த சில நாட்கள் யார் விளக்கை அணைக்க மறுக்கிறார்கள், யார் சாப்பாட்டைத் தள்ளுகிறார்கள், நோட்டின் பின்பக்கத்தில் யார் என்ன வரைகிறார்கள் என்று கவனியுங்கள். அரக்கனை வரைவது நல்ல அறிகுறிதான். வரைந்தே பயத்தைத் தீர்த்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது

முதன்முறை என்றால் நட்சுமே யூஜின்சோவை எடுங்கள். பெற்றோரை இழந்து உறவினர் வீடுகளில் மாறிமாறி வளர்ந்த பையனுக்குப் பூதங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன; பாட்டி விட்டுச் சென்ற ஏட்டில் சிறைப்பட்ட பூதங்களின் பெயர்களை அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறான். பன்னிரண்டு வயதுக்கு மேல் யாரும் பார்க்கலாம். ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டு நினைவு வரும். முதல் வாரத்திலேயே காட்டாதீர்கள். கைஜு நம்பர் 8 பதின்மூன்று, பதினான்கு வயதுக்குச் சரியாக இருக்கும். செத்த ராட்சதனின் குடலை அள்ளிச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும் முப்பத்திரண்டு வயது நாயகன் எங்கள் பிள்ளைகளை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தான். டீமன் ஸ்லேயர் முதல் சீசனைப் பதினான்கிலிருந்து, பெரியவர் துணையோடு காட்டலாம். அட்டாக் ஆன் டைட்டனைப் பதினாறுக்கு முன் காட்ட மாட்டேன். அதன் பிற்பகுதி ராட்சதர்களை விட்டு இனவெறுப்பு, போர், பேரழிவு என்று போகிறது, அதைப் பேசித் தெளிய வயது வேண்டும். பாராசைட், செயின்சா மேன் இரண்டும் பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டுக்கோ அதற்குப் பிறகோ. 2018-இல் வந்த 'டெவில்மேன் க்ரைபேபி' முழுக்கப் பெரியவர்களுக்கானது. பத்து அத்தியாயங்கள்தானே என்று பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஒரு சீசனுக்குக் கொடுத்த ஒப்புதல் அடுத்ததற்குச் செல்லாது. டீமன் ஸ்லேயரில் 2021 டிசம்பரில் தொடங்கிய பகுதி, பழைய டோக்கியோவின் யோஷிவாரா என்ற விலைமாதர் பகுதியில் நடக்கிறது. முதல் சீசனைப் பார்த்த தைரியத்தில் அதை அப்படியே போட்டிருந்தால் விழித்திருப்பேன். முன்கூட்டிப் பார்த்திருந்ததால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "அந்த வீட்டுல அக்காங்க எல்லாம் என்ன வேலை செய்யறாங்க சார்?" என்று கேட்டபோது, வறுமையில் விற்கப்பட்ட பெண்கள் அவர்கள், வெளியேற விடாமல் கடனில் கட்டிப்போட்டிருந்தார்கள் என்று அவன் வயதுக்குத் தக்கபடி சொல்ல முடிந்தது. சற்று யோசித்துவிட்டு, "அப்ப அரக்கன் வர்றதுக்கு முன்னாடியே அவங்க மாட்டிக்கிட்டாங்களா சார்" என்றான். ஆமாம் என்றேன். அடுத்த அத்தியாயத்தைப் போடச் சொன்னார்கள். மணி எட்டரை ஆகிவிட்டதால் மறுவாரத்துக்கு ஒத்திவைத்தேன்.